பொருளாதாரம் தேறிய பிறகும் பறிபோன ஆட்சி: 1997இல் கன்சர்வேடிவ் கட்சியின் தோல்வி – நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

1997 மே 1 அன்று நடந்த பொதுத்தேர்தலில், பிரிட்டனை 18 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கன்சர்வேடிவ் கட்சி ஆட்சியை இழந்தது. நெடுங்காலம் ஆண்ட கட்சி ஒருநாள் தோற்பது உலக வழக்கம். இந்தத் தோல்வி ஆராயத் தகுந்ததாக இருப்பதற்குக் காரணம் வேறு. தேர்தல் நாளன்று நாட்டின் பொருளாதாரம் நல்ல நிலையில் இருந்தது. பணவீக்கம் அடங்கியிருந்தது. வேலையில்லாதோர் எண்ணிக்கை நான்கு ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. வட்டி விகிதம் 1990இல் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் 1992 ஏப்ரலில், நாடு கடும் மந்தத்தில் சிக்கியிருந்தபோது, இதே பிரதமர் தலைமையில் இதே கட்சி வென்றிருந்தது. மந்தத்தில் வென்றவர்கள் வளர்ச்சியில் தோற்றது எப்படி?

தனிமனிதர்களைக் குற்றம் சாட்டுவது இந்த ஆய்வின் நோக்கம் அல்ல. எனவே தலைமைப் பொறுப்பில் இருந்த சிலரைத் தவிர மற்றவர்களைப் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

பின்னணி: 1990 முதல் 1992 ஏப்ரல் வரை

1990 அக்டோபரில் பிரிட்டன், உறுப்பு நாடுகளின் நாணய மதிப்பை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் ஐரோப்பியச் செலாவணி விகித ஏற்பாட்டில் சேர்ந்தது. ஒரு பவுண்டுக்கு 2.95 ஜெர்மன் மார்க் என்பது மைய மதிப்பு, சுமார் 2.78 மார்க்குக்குக் கீழே பவுண்டு இறங்காமல் காப்பது அரசின் பொறுப்பு. அந்த முடிவை எடுத்த நிதியமைச்சர் ஜான் மேஜர். அடுத்த மாதமே மார்கரெட் தாட்சர் பதவி விலக, மேஜர் பிரதமரானார். ஆகவே நாணயக் கொள்கை அவருடைய அரசின் கொள்கை மட்டுமல்ல, அவர் கையெழுத்திட்ட கொள்கை. எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் அதை ஆதரித்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் ஒரு கொள்கை சரியும்போது பழி விழுவது ஆட்சியில் இருப்பவர்கள் மீதுதான்.

மந்தம் குடும்பங்களைக் கடுமையாகத் தாக்கியது. பிரிட்டனில் அன்று பெரும்பாலான வீட்டுக்கடன்களின் வட்டி சந்தை விகிதத்தோடு ஏறி இறங்குவது. 1991இல் மட்டும் சுமார் 75,000 வீடுகள் தவணை கட்டாததால் கடன் கொடுத்த நிறுவனங்களின் கைக்குப் போயின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, வீட்டை விற்றால் கிடைக்கும் தொகையைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு 1992 ஏப்ரல் 9 அன்று கட்சி வென்றது. 1 கோடியே 41 லட்சம் வாக்குகள், 336 இடங்கள், 21 இடப் பெரும்பான்மை. தொழிற்கட்சி வந்தால் வரி ஏறும் என்று வெடிகுண்டுப் படம் போட்ட சுவரொட்டிகள் நாடெங்கும் ஒட்டப்பட்டன. அந்தத் தேர்தலில் வாக்காளர்களில் பலர் ஆளுங்கட்சியை விரும்பி வாக்களித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. இவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருக்கலாம், ஆனால் வீட்டுக் கணக்கைச் சரியாகப் பார்ப்பவர்கள் என்ற எண்ணத்தில் வாக்களித்தார்கள். பின்னால் நடந்த அனைத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி முக்கியம்.

1992 செப்டம்பர் 16

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் இணைந்த பிறகு, விலைவாசியைக் கட்டுப்படுத்த அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை உயர்த்தியே வைத்திருந்தது. பவுண்டை மார்க்கோடு கட்டிவைத்திருந்த பிரிட்டன், மந்தத்தில் தவித்தபோதும் வட்டியைத் தேவையான அளவு குறைக்க முடியவில்லை. இந்த நிலை நீடிக்காது என்று சந்தை கணித்தது. செப்டம்பர் 10 அன்று கிளாஸ்கோவில் பேசிய பிரதமர், நாணய மதிப்பைக் குறைப்பது நம் எதிர்காலத்துக்குச் செய்யும் துரோகம் என்றார்.

ஆறு நாட்கள் கழித்து, புதன்கிழமை காலை பவுண்டை விற்போர் பெருகினர். நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி கையிருப்பைக் கொட்டி வாங்கியும் விலை நிற்கவில்லை. 11 மணிக்கு வட்டி 10இலிருந்து 12 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பலனில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பின், மறுநாள் முதல் 15 சதவீதம் என்ற அறிவிப்பு வந்தது. அதற்கும் பலனில்லை. டவுனிங் தெரு இல்லத்தில் பழுதுபார்ப்பு நடந்ததால் பிரதமரும் மூத்த அமைச்சர்களும் அட்மிரால்டி மாளிகையில் கூடியிருந்தனர். அங்கே சந்தை நிலவரம் காட்டும் திரை ஒன்றுகூட இல்லை என்றும், வெளியே நடப்பதை அறிய ஒரு சிறு வானொலியைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது என்றும் அன்று அங்கிருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். இரவு ஏழரை மணிக்குப் பிறகு நிதியமைச்சர் நார்மன் லமான்ட் வெளியே வந்து, பிரிட்டன் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2005இல் வெளியான அரசு ஆவணங்களின்படி அதன் இழப்பு சுமார் 330 கோடி பவுண்ட்.

50,000 பவுண்ட் வீட்டுக்கடன் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து பார்ப்போம். காலையில் வேலைக்குப் போகும்போது வட்டி 10 சதவீதம். பிற்பகலில் கேட்ட செய்தியின்படி 15 சதவீதம். அதாவது ஆண்டுக்கு 2,500 பவுண்ட் கூடுதல் வட்டி, வேலை நிலைக்குமா என்றே தெரியாத ஒரு காலத்தில். இரவுச் செய்தியில் அது ரத்து. அந்த 15 சதவீதம் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. ஒரு பென்னிகூடக் கூடுதலாக வசூலிக்கப்படவில்லை. ஆனால் ஆள்வோர் கையில் பிடி இல்லை என்பதை அந்தச் சில மணி நேரத்தில் கடன்காரக் குடும்பங்கள் அனைத்தும் கண்டுகொண்டன.

அதன்பின் கருத்துக்கணிப்புகளில் பின்தங்கிய கட்சி, 1997 வரை முன்னுக்கு வரவே இல்லை.

எடுக்கப்பட்ட முதல் முடிவு: யாரும் விலகுவதில்லை

பதவி விலகுவது பற்றித் தாம் யோசித்ததாக மேஜர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விலகவில்லை. நிதியமைச்சரையும் விலக்கவில்லை. காரணம் புரியாததல்ல. கொள்கை பிரதமருடையது, நிதியமைச்சரை அனுப்பினால் அடுத்த கேள்வி பிரதமரை நோக்கி வரும். மேலும், கட்டு அவிழ்ந்த பிறகு பொருளாதாரம் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியது. 1993 ஜனவரிக்குள் வட்டி 6 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்கு முன்பே, 1992 அக்டோபரில், பணவீக்கத்துக்கு இலக்கு வைக்கும் முறை வந்திருந்தது. பின்வந்த நீண்ட வளர்ச்சிக்கு அடித்தளமிட்ட சீர்திருத்தம் அது. விளைவு நல்லதாக இருக்கும்போது மன்னிப்பு எதற்கு என்று அரசு கருதியது.

அங்கேதான் வினை. நன்மை தன் கொள்கையால் அல்ல, தன் கொள்கை உடைந்ததால் வந்தது என்பதை வாக்காளர் அறிவார். பொறுப்பேற்காதவர்கள் அந்த நன்மைக்கு உரிமை கொண்டாட வந்தபோது யாரும் காதுகொடுக்கவில்லை. 1993 மே மாதம் நியூபரி இடைத்தேர்தல் பிரசாரத்தில், எதற்காகவும் வருந்தவில்லை என்று பொருள்படும் பிரெஞ்சு வரி ஒன்றைச் சொன்னார் நிதியமைச்சர். 12,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்றிருந்த தொகுதியை 22,000 வாக்கு வித்தியாசத்தில் லிபரல் டெமாக்ரட் கட்சியிடம் இழந்தார்கள். அந்த மாதமே அவர் நீக்கப்பட்டார். எட்டு மாதம் முன்பு பொறுப்பேற்பாகத் தெரிந்திருக்கக்கூடிய செயல், இப்போது பலியிடுதலாகத் தெரிந்தது. அவர் சபையில் ஆற்றிய விலகல் உரையில் சொன்ன ஒரு வாசகம் ஆட்சி முடியும் வரை எதிரொலித்தது: பதவியில் இருக்கிறோம், அதிகாரத்தில் இல்லை என்ற தோற்றத்தைத் தருகிறோம்.

இதற்கிடையில் 1992 அக்டோபரில் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடி 30,000 பேரை வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை அரசு அறிவித்திருந்தது. 1984–85 பெரும் வேலைநிறுத்தத்தின்போது பணிக்குச் சென்று அரசுக்குத் துணைநின்ற நாட்டிங்காம்ஷயர் தொழிலாளர்களின் சுரங்கங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. கன்சர்வேடிவ் வாக்காளர்களே கொதித்தெழுந்தனர்.

வரி: வாக்குறுதியும் கட்டாயமும்

மந்தத்தால் வருவாய் குறைந்து செலவு ஏறியதில், 1993–94ஆம் ஆண்டுக்கு அரசு வாங்க வேண்டிய கடன் 5,000 கோடி பவுண்ட் என்று மதிப்பிடப்பட்டது. வரியை உயர்த்தாமல் வழியில்லை. இதை நான் தவறான முடிவு என்று சொல்லமாட்டேன். நாட்டின் கணக்குக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் எந்த வரியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். வீடுகளுக்கான எரிவாயு, மின்சாரத்தின் மீது 1994 ஏப்ரல் முதல் 8 சதவீத மதிப்புக் கூட்டு வரி. அடுத்த ஆண்டு 17.5 சதவீதம். இந்த வரியின் வரம்பை விரிவாக்கும் திட்டமோ தேவையோ இல்லை என்று 1992 தேர்தலையொட்டிப் பிரதமரே சொல்லியிருந்தார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஓய்வூதியத்திலிருந்து எண்ணி எண்ணிச் செலவிடும் முதியவர்தான் இந்த வரியின் முகம். எந்தத் தேநீர்க் கடையிலும் விளக்கம் தேவைப்படாத வரி. இரண்டாம் கட்ட உயர்வை 1994 டிசம்பரில் சொந்தக் கட்சி உறுப்பினர்கள் சிலரே எதிர்க்க, அரசு 8 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

செப்டம்பர் 16 திறமை மீதான நம்பிக்கையைக் கெடுத்தது என்றால், இந்த வரி சொல் மீதான நம்பிக்கையைக் கெடுத்தது. தொழிற்கட்சி வந்தால் வரி ஏறும் என்ற பழைய ஆயுதம் அன்றோடு மழுங்கியது. தொழிற்கட்சியோ 1997 தேர்தல் அறிக்கையில் இதே எரிபொருள் வரியை 5 சதவீதமாகக் குறைப்பதாக எழுதிக்கொடுத்தது.

ஐரோப்பாவும் உட்கட்சிப் போரும்

ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கட்சியை இரண்டாகப் பிளந்தது. 1993 ஜூலை 22 அன்று அரசின் தீர்மானம் சபையில் தோற்றது. மறுநாள் பிரதமர் அதையே நம்பிக்கை வாக்கெடுப்பாக்கி வென்றார். தோற்றால் பொதுத்தேர்தல் என்பதால் அதிருப்தியாளர்கள் வேறு வழியின்றி அடங்கினார்கள். அன்று ஒலிவாங்கி இயங்குவதை அறியாமல், தம் அமைச்சரவையிலேயே இருந்த எதிர்ப்பாளர்களைப் பற்றிப் பிரதமர் சொன்ன வசைச்சொல் பதிவாகி நாடெங்கும் பரவியது.

1994 நவம்பரில் ஐரோப்பிய நிதிப் பங்களிப்பு மசோதாவில் ஒத்துழைக்காத எட்டு உறுப்பினர்களைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து அரசு விலக்கியது. ஒன்பதாவது ஒருவர் தாமே வெளியேறினார். இதில் கணக்கு இடித்தது. 21 இடப் பெரும்பான்மை அதற்குள் சுருங்கிவிட்டிருந்தது. விலக்கப்பட்டவர்கள் இல்லாமல் அரசுக்குப் பெரும்பான்மையே இல்லை. தண்டித்தவரே தண்டிக்கப்பட்டவரை நம்பி நாள் ஓட்ட வேண்டிய நிலை. 1995 ஏப்ரலில் எந்த நிபந்தனையும் இல்லாமல் அவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டனர். வெளியே இருந்த மாதங்களில் அவர்கள் தொலைக்காட்சியில் பேசிப் பேசி அமைச்சர்களைவிட அறிமுகமானதுதான் மிச்சம்.

1995 ஜூனில் மேஜர் கட்சித் தலைமையைத் துறந்து, எதிர்ப்பவர்கள் போட்டியிடட்டும் என்றார். அமைச்சர் ஒருவர் பதவி விலகிப் போட்டியிட்டார். ஜூலை 4 அன்று 218க்கு 89 என்று மேஜர் வென்றார். அவருடைய கட்சியின் 329 உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அவருக்கு வாக்களிக்கவில்லை என்பதையும் நாடு பார்த்தது. தனிப்பட்ட முறையில் துணிச்சலான முடிவு. தலைமைக்கான அன்றாடச் சதிப்பேச்சு அதன்பின் ஓய்ந்தது உண்மை. ஐரோப்பா பற்றிய பிளவோ அப்படியே இருந்தது.

நடத்தை

1993 மாநாட்டில் அடிப்படைகளுக்குத் திரும்புவோம் என்ற முழக்கத்தைப் பிரதமர் வைத்தார். பள்ளிக்கல்வி, சட்டம் ஒழுங்கு பற்றியது என்று அவர் விளக்கினாலும், நாளேடுகள் அதைத் தனிமனித ஒழுக்கப் போதனையாகவே எடுத்துக்கொண்டன. அடுத்த சில மாதங்களில் அந்தரங்க விவகாரங்களால் விலகியோர் வரிசை நீண்டது. 1994இல் இன்னும் கனமான குற்றச்சாட்டு: நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக. இரண்டு இளைய அமைச்சர்கள் பதவி இழந்தனர். பொதுவாழ்வு நெறிகளை ஆராய நோலன் குழுவை மேஜர் அமைத்தது பாராட்டத்தக்கது. பிரிட்டனில் முப்பது ஆண்டுகள் நிலைத்திருந்த அமைப்பு அது.

அதனால் கிடைத்த நற்பெயரைக் கடைசி வாரங்களில் அவர்களே கெடுத்துக்கொண்டார்கள். தேர்தலுக்காக நாடாளுமன்றம் 1997 மார்ச் 21 அன்றே முடித்து வைக்கப்பட்டதால், பணம் வாங்கிய விவகாரம் பற்றிய முழு விசாரணை அறிக்கை வாக்குப்பதிவுக்கு முன் வெளிவரவில்லை. மறைக்கவே அவசரமாக முடித்தார்கள் என்ற குற்றச்சாட்டை அரசு மறுத்தது, மறுப்பு எடுபடவில்லை. குற்றச்சாட்டுக்கு ஆளாகி, அதை மறுத்துவந்த ஒருவர் டாட்டன் தொகுதியில் மீண்டும் நின்றார். தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொள்ள, சுயேச்சையாக நின்ற முன்னாள் தொலைக்காட்சிச் செய்தியாளர் 11,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாட்டின் மிகப் பாதுகாப்பான கன்சர்வேடிவ் கோட்டைகளில் ஒன்று அது.

எதிர்ப்பக்கம்

ஆளுங்கட்சி மீது வெறுப்பு மட்டும் போதாது என்பதை 1992 காட்டியிருந்தது. 1994இல் தொழிற்கட்சித் தலைவரான டோனி பிளேர், அடுத்த ஆண்டே உற்பத்திச் சாதனங்களைப் பொதுவுடைமையாக்கும் நோக்கத்தைச் சொன்ன நான்காம் விதியைக் கட்சியின் சம்மதத்தோடு மாற்றினார். 1997 ஜனவரியில், வருமான வரி விகிதங்களை உயர்த்தமாட்டோம், இரண்டு ஆண்டுகளுக்கு இப்போதைய அரசின் செலவுத் திட்டத்தையே பின்பற்றுவோம் என்று அறிவித்தார்கள். சொந்தத் தொண்டர்கள் பலருக்குக் கசந்த முடிவு. ஆனால் பயந்து கன்சர்வேடிவ் பக்கம் நின்றவருக்கு இனிப் பயப்பட ஒன்றுமில்லை.

தேர்தலும் முடிவும்

மேஜர் ஐந்தாண்டுக் காலத்தின் கடைசி எல்லை வரை காத்திருந்தார். வளர்ச்சி மக்கள் கையில் தெரிய நேரம் வேண்டும் என்பது கணக்கு. காத்திருந்த காலத்தில் நடந்தது வேறு. 1992 முதல் 1997 வரை கட்சி காக்க வேண்டியிருந்த எட்டு இடைத்தேர்தல்களையும் இழந்தது. சிலர் கட்சி தாவினர். பெரும்பான்மை போயிற்று. 1996 மார்ச்சில் மாட்டு மூளை நோய்க்கும் மனிதரைக் கொல்லும் நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்ட 1990இல் ஓர் அமைச்சர் கேமரா முன் தம் மகளுக்கு பர்கர் ஊட்ட முயன்ற காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின.

மார்ச் 17 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது. பிரசாரம் ஆறு வாரத்துக்கு நீண்டது. நீண்டால் எதிரி தவறுவான் என்ற நம்பிக்கை. தவறியது சொந்தக் கட்சிதான். ஐரோப்பாவின் ஒற்றை நாணயத்தில் சேர்வது பற்றிப் பேச்சுவார்த்தைக்குப் பின் முடிவெடுப்போம் என்பது அதிகாரபூர்வ நிலைப்பாடு. வேட்பாளர்கள் பலர் அதை மீறித் தங்கள் துண்டறிக்கைகளில் எதிர்ப்பை அச்சிட்டார்கள். ஏப்ரல் நடுவில், என் கைகளைக் கட்டாதீர்கள் என்று பிரதமர் சொந்தக் கட்சியினரிடமே தொலைக்காட்சி வழியாக மன்றாட வேண்டியதாயிற்று.

தொழிற்கட்சி 418 இடங்கள், கன்சர்வேடிவ் 165. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஓர் இடம்கூட இல்லை. அமைச்சரவையில் எழுவர் தோற்றனர். அடுத்த தலைவர் என்று பேசப்பட்ட பாதுகாப்பு அமைச்சர், 15,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்றிருந்த என்ஃபீல்ட் சவுத்கேட் தொகுதியை 1,433 வாக்கில் இழந்தார்.

இடங்களைவிட வாக்குகள் சொல்வது அதிகம். கன்சர்வேடிவ் வாக்கு 1 கோடியே 41 லட்சத்திலிருந்து 96 லட்சமாகச் சரிந்தது. ஆனால் மாபெரும் வெற்றி பெற்ற தொழிற்கட்சி வாங்கியது 1 கோடியே 35 லட்சம்தான், 1992இல் கன்சர்வேடிவ் வாங்கியதைவிடக் குறைவு. வாக்குப்பதிவு 77.7 சதவீதத்திலிருந்து 71.3 சதவீதமாக இறங்கியது. கன்சர்வேடிவ் வாக்காளர்களில் பலர் மாற்றி வாக்களிக்கவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்றே இதை நான் படிக்கிறேன். லிபரல் டெமாக்ரட் கட்சியின் வாக்கு விகிதம் குறைந்தும் இடங்கள் 20இலிருந்து 46ஆக ஏறின. ஆளுங்கட்சியை வீழ்த்த யாருக்குப் போட்டால் பலிக்கும் என்று தொகுதி தொகுதியாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் மேஜர் பதவி விலகிவிட்டு, ஓவல் மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போனார். புதிய அரசு முதல் வாரத்திலேயே வட்டியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை இங்கிலாந்து வங்கியிடம் ஒப்படைத்தது.

எதை மாற்றியிருக்கலாம்

முதலாவதும் மிக முக்கியமானதும், 1992 செப்டம்பர் 17 அன்று செய்திருக்க வேண்டியது: தவறு நடந்தது, பொறுப்பு எங்களுடையது என்று நேரடியாகச் சொல்வதும், நிதியமைச்சர் அன்றே விலகுவதும். அப்படி நடந்திருந்தால், லமான்டுக்குப் பின் நிதியமைச்சரான கென்னத் கிளார்க் நான்கு ஆண்டுகள் திறமையாக நடத்திய நிதி நிர்வாகம் புதிய கணக்காகத் தொடங்கியிருக்கும். பழைய கணக்கை முடிக்காததால் அவர் ஈட்டிய நற்பெயர் கட்சிக்குச் சேரவில்லை.

இரண்டாவது, வரி உயர்வைத் தவிர்த்திருக்க முடியாது. வீட்டு எரிபொருளைத் தவிர்த்திருக்கலாம். வாக்குறுதியை மீற நேர்ந்தபோது, மீறுகிறோம் என்ற சொல்லையாவது சொல்லியிருக்கலாம்.

உட்கட்சி விஷயத்தில் என் கருத்து பலருக்கு உடன்பாடாக இராது. பிளவைத் தீர்க்கும் வழி எதுவும் மேஜர் கையில் இல்லை. ஆனால் நிறைவேற்ற முடியாத தண்டனையை அறிவித்திருக்க வேண்டாம். எட்டுப் பேரை விலக்கி, பின் கேட்பாரின்றிச் சேர்த்தது, விலக்காமல் பொறுத்துக்கொள்வதைவிட அதிகச் சேதம் விளைவித்தது.

இவ்வளவும் செய்திருந்தாலும் 1997இல் கட்சி வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. 18 ஆண்டுச் சலிப்பும் மாறிப்போன எதிர்க்கட்சியும் சேர்ந்தால் தோல்வி வந்தே தீரும். ஆனால் தோல்வியின் அளவு வேறாக இருந்திருக்கும், அளவு முக்கியம். 165 பேராகச் சுருங்கிய கட்சியில் தலைவராகத் தகுதியுள்ள பலர் சபையிலேயே இல்லை. எஞ்சியவர்கள் ஐரோப்பா பற்றியே சண்டையைத் தொடர்ந்தார்கள். 2001 தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது 166 இடங்கள். ஆட்சிக்குத் திரும்ப 2010 ஆயிற்று, அதுவும் இன்னொரு கட்சியின் தோள்மேல் கைபோட்டு.